பழைய எஃப்-150 பின் டிஃப்ரென்ஷியல்ல ட்ரூட்ராக் போடுறது எப்படி

காலி பிக்கப்ல இருக்குற பெரிய பிரச்சனையே பின்னாடி வெயிட் இல்லாததுதான். இன்ஜின், கேபின், உள்ள உக்காந்திருக்க ஆளு எல்லாமே முன்பக்கம், வண்டிய தள்ளுற சக்கரம் மட்டும் பின்பக்கம், அதுக்கு மேல ஒரு காலி தொட்டி. அமெரிக்காவுல மிச்சிகன், மினசோட்டா பக்கம் டூ வீல் டிரைவ் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வச்சிருக்கவங்களுக்கு இத தனியா சொல்லணும்னு இல்ல, பனி பெஞ்ச மறுநாள் காலைல டிரைவ்வேய விட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பின் சக்கரம் மட்டும் உய்யினு சுத்திட்டு கிடக்கும், இன்னொன்னு எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்குற மாதிரி அப்படியே நிக்கும். அத சரி பண்ண, டிரைவ்ஷாஃப்ட்ல (இன்ஜின் பக்கத்துல இருந்து பின்னாடி வர்ற நீள தண்டு) வர்ற சுழற்சிய ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சு குடுக்குற டிஃப்ரென்ஷியல மாத்தி, பிடிப்பு இருக்குற சக்கரத்துக்கு அதிகமா தள்ளுற ட்ரூட்ராக்ங்குற வகைய போடுறத பத்திதான் இங்க சொல்றேன்.

நிறைய பேரு நினைக்குறது சறுக்குற சக்கரத்துக்கு பவர் பூரா ஓடிப்போயிடுதுன்னு. அப்படி இல்ல. ஓப்பன் டிஃப்ரென்ஷியல், அதாவது சாதாரண வகை, ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே அளவு டார்க்தான் (சுத்துற விசை) குடுக்கும், அதான் அதோட குணமே. ஐஸ் மேல நிக்குற சக்கரம் ரொம்ப கொஞ்சம் டார்க்தான் தாங்கும், அதுக்கு மேல குடுத்தா சுத்திரும், அப்ப நல்ல தரையில நிக்குற சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும், வண்டிய தள்ள அது பத்தாது. இன்னொரு விஷயம், ஒத்த ஆக்ஸிலா (ரெண்டு சக்கரத்தையும் சேக்குற ஒரே அச்சு) இருக்குற பின்பக்கத்துல முன்னாடி பாத்து ஆக்ஸிலரேட்டர மிதிச்சா டிரைவ்ஷாஃப்ட்டோட முறுக்கு ஆக்ஸிலையே சாய்க்க பாக்கும், இடது சக்கரம் அழுந்தும், வலது லேசாகும். முன்னாடி போகும்போது எப்பவும் வலது பின் டயரே முதல்ல சுத்துறதுக்கு காரணம் அதான்.

டிஃப்ரென்ஷியல்ல கை வைக்குறதுக்கு முன்னாடி டயர பாருங்க. மொட்டை ஆல் சீசன் டயர வச்சுக்கிட்டு லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டுற சாமான்) போட்டா ஒண்ணுக்கு பதிலா ரெண்டு சக்கரம் சறுக்கும், அவ்ளோதான். நல்ல வின்டர் டயர், ஆக்ஸிலுக்கு நேர் மேல நாலஞ்சு மணல் மூட்டை நகராம கட்டி வச்சா பாதி பேருக்கு அங்கயே வேலை முடிஞ்சிரும். அதுக்கப்புறமும் பத்தலன்னா மேல படிங்க.

எந்த ஆக்ஸில்னு முதல்ல தெரியணும்

நான் இங்க எழுதுறது 97ல இருந்து 2003 வரைக்கும் வந்த எஃப்-150ஓட 8.8 ஆக்ஸில் பத்தி. 8.8ங்கறது டிஃப்ரென்ஷியல் உள்ள இருக்குற பெரிய பல் சக்கரமான கிரவுன் வீலோட விட்டம், இன்ச்ல, பார்ட்ஸ் பெட்டில ரிங் கியர்னு போட்டிருக்கும். 4.2 வி6, 4.6 வி8 வண்டிகள்ல பெரும்பாலும் இதான் இருக்கும், 5.4ல 9.75 இருக்கும். சந்தேகமா இருந்தா குனிஞ்சு பின் கவர் போல்ட்ட எண்ணுங்க, பத்து இருந்தா 8.8, பன்னெண்டு இருந்தா 9.75. பார்ட்ஸ் மாத்தி வாங்கிட்டு ரிட்டர்ன் பண்ற அலைச்சல் இந்த ஒரு நிமிஷத்துல மிச்சம்.

அப்புறம் உங்க வண்டில ஏற்கனவே லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்துறத கட்டுப்படுத்துற டிஃப்ரென்ஷியல்) இருக்கான்னு பாருங்க. டிரைவர் கதவு ஓரத்துல இருக்குற ஸ்டிக்கர்ல ஆக்ஸில் கோட் இருக்கும், 19, 26 மாதிரி வெறும் எண்ணா இருந்தா ஓப்பன், எச்9, பி6 மாதிரி எழுத்துல ஆரம்பிச்சா லிமிடெட் ஸ்லிப். கவர் போல்ட்டுல ஒரு சின்ன தகடு தொங்கும், அதுல 3எல்55ன்னு நடுவுல எல் இருந்தா 3.55 ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ்ஷாஃப்ட் எத்தனை சுத்துன்னு), லிமிடெட் ஸ்லிப். எல் இல்லாம வெறும் 3 55ன்னு இருந்தா ஓப்பன். தகடு துருப்பிடிச்சு விழுந்திருந்தா, பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி, முன் சக்கரத்துக்கு கட்டை குடுத்து, கியர பார்க்ல வச்சு ஒரு சக்கரத்த கையால சுத்தி பாருங்க, அடுத்தது லேசா எதிர்ப்பக்கம் சுத்துனா ஓப்பன். சுத்தவே முடியாம இறுக்கமா இருந்தா லிமிடெட் ஸ்லிப். ஆனா பழைய வண்டில ஃபோர்டோட லிமிடெட் ஸ்லிப்பான டிராக்ஷன்-லாக்ல கிளட்ச் தேஞ்சு போயிருந்தா ஓப்பன் மாதிரியேதான் நடிக்கும், அதனால ஸ்டிக்கரையும் சேத்து பாருங்க. ஸ்டிக்கர் லிமிடெட் ஸ்லிப்னு சொல்லி சக்கரம் ஓப்பன் மாதிரி சுத்துனா உங்களுக்கு புது டிஃப்ரென்ஷியலே தேவையில்லாம இருக்கலாம், கிளட்ச் பேக் மாத்துனாலே போதும், செலவு ரொம்ப கம்மி.

எத போடலாம்

டிராக்ஷன்-லாக் ஒரு வழி. உள்ள கிளட்ச் தட்டுங்க, நடுவுல ஒரு எஸ் வடிவ ஸ்பிரிங். நல்லாதான் வேலை செய்யும், ஆனா தேயும், ஆயிலோட ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (உராய்வ குறைக்குற திரவம்) ஊத்தலன்னா திருப்பத்துல கடகடன்னு உதறும்.

லன்ச்பாக்ஸ் லாக்கர்னு ஒரு வகை இருக்கு, பழைய ஓப்பன் கேரியர (கிரவுன் மாட்டியிருக்குற கூடு) கழட்டாமலே உள்ள இருக்குற ஸ்டார் பினியன்ங்குற சின்ன கியருங்கள எடுத்துட்டு அந்த இடத்துல சொருகுறது. விலை கம்மி, வேலையும் கம்மி. சேத்துல காட்டுல ஓட்டுறவங்களுக்கு சரி. ஆனா ரோட்டுல வளைவுல டக்கு டக்குன்னு சத்தம் வரும், ஐஸ் ரோட்டுல எப்ப லாக் ஆகும் எப்ப விடும்னு அதோட இஷ்டம், வண்டி வாலு ஆட்டும். தினமும் ஆபீஸ் போற வண்டில நான் போட மாட்டேன்.

ஏஆர்பி ஏர் லாக்கர், ஈட்டன் ஈலாக்கர் மாதிரி சுவிட்ச் போட்டா லாக் ஆகுறது ரொம்ப நல்லது. சுவிட்ச் ஆஃப்ல இருந்தா ஓப்பன், ஆன் பண்ணா ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தும். ஆனா ஏர் லாக்கருக்கு கம்ப்ரசர், டியூப், வயரிங் எல்லாம் சேந்து ஆயிரம் டாலர தாண்டிரும், ஹவுசிங்ல (ஆக்ஸிலோட வெளிக்கூடு) ஓட்டை போட்டு ஏர் லைன் எடுக்கணும். பாறை மேல ஏறுறவங்களுக்கு அது. ஸ்டார் பினியன வெல்டிங் பண்றது பத்தி கேக்காதீங்க, ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு அது வேணவே வேணாம்.

பனி, மழை, புல்தரை, படகு இறக்குற ராம்ப், டிரெய்லர் இழுக்குறது, இதுக்கெல்லாம் என்னோட ஓட்டு ஈட்டனோட டெட்ராய்ட் ட்ரூட்ராக்குக்குதான். உள்ள கிளட்சே கிடையாது, சாய்வா வெட்டுன ஹெலிகல் கியருங்க மட்டும்தான். டார்க் ஏறும்போது அந்த கியருங்க கேரியரோட சுவத்துல போய் அழுந்தி அதனால வர்ற உராய்வுல, பிடிப்பு இருக்குற சக்கரத்துக்கு அடுத்ததவிட சில மடங்கு அதிக டார்க் போகும். சத்தம் கிடையாது, உதறல் கிடையாது, ஓட்டும்போது அது இருக்குறதே தெரியாது. ஒரு குறை இருக்கு. மடங்குலதான் கணக்குங்கறதால ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குனா, பூஜ்யத்த எத்தனையால பெருக்குனாலும் பூஜ்யம்தான், வண்டி நகராது. அப்ப இடது காலால பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டர் குடுத்தா தொங்குற சக்கரத்துக்கு கொஞ்சம் எதிர்ப்பு கிடைச்சு அடுத்த சக்கரம் தள்ள ஆரம்பிக்கும்.

ஆர்டர் பண்ணும்போது ஸ்ப்லைன் எண்ணிக்கை, அதாவது ஆக்ஸில் ஷாஃப்ட் நுனியில இருக்குற வரிப்பல்லு எத்தனைங்கறது, முக்கியம். எஃப்-150 8.8க்கு 31 ஸ்ப்லைன், இதே 8.8 ஃபோர்டோட சின்ன பிக்கப்பான ரேஞ்சர்ல பெரும்பாலும் 28. பக்கத்து வீட்டு ரேஞ்சர்ல இருந்து கழட்டுனது உங்களுக்கு சேராது.

வேலைக்கு முன்னாடி

ட்ரூட்ராக் கூட வாங்க வேண்டியது: ரெண்டு கேரியர் பேரிங், புது கிரவுன் போல்ட்டுங்க, ஸ்டீல் ஷிம் (இடைவெளிய சரி பண்ற வளையத் தகடு) கிட், ஆக்ஸில் சீல் ரெண்டு, ஏபிஎஸ் டோன் ரிங் (ஏபிஎஸ் பிரேக் சென்சர் வேகத்த படிக்குற பல் வளையம்) ஒண்ணு, ரெட் லாக்டைட் (போல்ட் கழலாம புடிக்குற பசை), பல்லு மேல தடவுற மஞ்சள் பேஸ்ட், ஆர்டிவி கேஸ்கெட் (கசிவ அடைக்குற சிலிக்கான் பசை) டியூப், ஜிஎல்-5 கியர் ஆயில் மூணு குவார்ட். டூல்ஸ்ல டார்க் ரெஞ்ச், மேக்னட் ஸ்டாண்டோட டயல் கேஜ், மைக்ரோமீட்டர், இது மூணும் கட்டாயம். டயல் கேஜ் இல்லாம கண்ணால பாத்து கையால ஆட்டி பேக்லாஷ் (கியர் பல்லுங்களுக்கு நடுவுல இருக்குற ஆட்டம்) சொல்லிருவேன்னு சொல்றவங்ககிட்ட வண்டிய விடாதீங்க, ஏன்னா இந்த வேலைல கழட்டுறதும் மாட்டுறதும் யாரு வேணா பண்ணலாம், அளவு எடுக்குறதுதான் உண்மையான வேலை. பேரிங் ஏத்துறதுக்கும் டோன் ரிங் ஏத்துறதுக்கும் பிரஸ் வேணும், வீட்ல இல்லன்னா பக்கத்து மெஷின் ஷாப்ல குடுத்தா கொஞ்ச காசுக்கு பண்ணி தருவாங்க.

பினியன் (டிரைவ்ஷாஃப்ட் முனையில இருந்து கிரவுன சுத்துற சின்ன கியர்) பக்கம் இந்த வேலைல நாம போறதே இல்ல. ரேஷியோ மாத்தல, கிரவுனும் பினியனும் பழசேதான், கேரியர் மட்டும்தான் புதுசு, அதனால பினியன் ஆழம் ஃபேக்டரி வச்சபடியே இருக்கும். பினியன் நட்ட மட்டும் தொடாதீங்க, உள்ள ஒரு தடவதான் நசுங்குற கிரஷ் ஸ்லீவ் இருக்கு, நட்ட லூஸ் பண்ணி டைட் பண்ணா பேரிங் பிரீலோட் (பேரிங்குக்கு முன்கூட்டியே குடுத்து வச்ச இறுக்கம்) போச்சு. டிரைவ்ஷாஃப்ட்ட புடிச்சு ஆட்டும்போது பினியன் மேல கீழ ஆடுனாலோ, ஓட்டும்போது ஏற்கனவே ஊளை சத்தம் வந்தாலோ இந்த வழிமுறை உங்களுக்கு இல்ல, அது முழு ரீபில்ட், தெரிஞ்ச கடைல குடுங்க.

கழட்டுறது

எல்லாத்துக்கும் முன்னாடி ஆயில் ஃபில் பிளக் கழலுதான்னு பாருங்க. பழைய ஆயில இறக்கிட்டு அப்புறம் பிளக் துருவுல இறுகி இருக்குன்னு கண்டுபிடிச்சா வண்டி ஸ்டாண்ட் மேலயே உக்காந்துக்கும். 8.8ல டிரெயின் பிளக் கிடையாது, கவர கழட்டிதான் ஆயில் இறக்கணும்.

முன் சக்கரத்துக்கு கட்டை, பின்னாடி ஆக்ஸில் டியூப்க்கு அடியில ஸ்டாண்ட், ஹேண்ட்பிரேக் ரிலீஸ், கியர் நியூட்ரல். ஜாக்கிய மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க. சக்கரம், டிரம் இல்ல காலிப்பர் டிஸ்க் கழட்டுங்க, காலிப்பர ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டு கட்டுங்க. ஹவுசிங் மேல இருக்குற ஏபிஎஸ் சென்சர ஒரு போல்ட் எடுத்து உருவி வச்சிருங்க, இத மறந்துட்டு கேரியர இழுத்தா சென்சர் உடையும்.

கவர சுத்தி பிரஷ் போட்டு மண்ணெல்லாம் தட்டிட்டு, மேல ரெண்டு போல்ட்ட சில சுத்து லூஸ் பண்ணி விட்டுட்டு மத்தத எடுங்க, கீழ ஓரத்துல நெம்புனா ஆயில் கொட்டும், கவர் மூஞ்சில விழாது. ஆயில்ல சாம்பல் பேஸ்ட் மாதிரி இருந்தா சாதாரண தேய்மானம். நகத்துல மாட்டுற அளவு துண்டுங்க இருந்தா அங்கயே நிறுத்துங்க, எங்கயோ பல்லு போயிருக்கு.

இப்ப எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி டயல் கேஜ் வச்சு பழைய பேக்லாஷ் அளந்து எழுதி வைங்க. கேஜ் முனைய கிரவுன் பல்லுக்கு செங்குத்தா வச்சு, பினியன் அசையாம புடிச்சுக்கிட்டு கிரவுன முன்னும் பின்னும் ஆட்டுனா முள்ளு எவ்ளோ ஓடுதோ அதான். சுத்தி மூணு நாலு இடத்துல எடுங்க. இந்த நம்பர்தான் உங்களுக்கு வழிகாட்டி, ஏன்னா பழைய கியர் ரெண்டும் இத்தனை வருஷம் இந்த இடைவெளில ஓடிதான் ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கு.

அப்புறம் கிராஸ் பின்னோட (ஸ்டார் பினியன தாங்குற குறுக்கு கம்பி) லாக் போல்ட். இது ஒல்லியா இருக்கும், ஃபேக்டரி லாக்டைட் போட்டிருக்கும், தலை மழுங்குறதுக்கும் உடையுறதுக்கும் பேர் போனது. ஆறு முக சாக்கெட் மட்டும் போடுங்க, வரலன்னா பலத்த காட்டாம கொஞ்சம் சூடு காட்டுங்க. போல்ட் வந்ததும் கிராஸ் பின்ன உருவி, ஆக்ஸில் ஷாஃப்ட்ட வெளிய இருந்து உள்ள தள்ளுனா நுனியில இருக்குற சி-கிளிப் கீழ விழும், எடுத்துட்டு ஷாஃப்ட்ட நேரா வெளிய இழுங்க. பின் இல்லாதப்ப கேரியர சுத்தாதீங்க, ஸ்டார் பினியன் உருண்டு விழும்.

வெளிய வந்த ஷாஃப்ட்ட நல்லா பாருங்க. 8.8ல ஆக்ஸில் பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது, ரோலர் நேரா ஷாஃப்ட் மேலயே ஓடும். அந்த இடத்துல நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா புது பேரிங் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஷாஃப்ட்டையே மாத்தணும்.

கேரியர புடிச்சு வச்சிருக்குற பேரிங் கேப் ரெண்டும் ஹவுசிங்கோட சேத்து வச்சு கடைஞ்சது, இடது வலது மாறக்கூடாது, தலைகீழாவும் போடக்கூடாது. பஞ்ச் வச்சு இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு ரெண்டு புள்ளி அடிச்சுட்டு கழட்டுங்க. கேரியர நெம்புனா திடீர்னு வரும், கனமா இருக்கும், விரல காப்பாத்திக்கோங்க. ரெண்டு பக்கமும் இருக்குற ஷிம்ம எந்தப் பக்கம்னு எழுதி மைக்ரோமீட்டர்ல அளந்து வைங்க. ஃபேக்டரி ஷிம் வார்ப்பிரும்பு, சுத்தியல்ல அடிச்சா நொறுங்கும், அதனாலதான் ஸ்டீல் ஷிம் கிட் வாங்க சொன்னேன்.

மாட்டுறது

பழைய கேரியர்ல இருந்து கிரவுன் போல்ட்ட எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணி, கிரவுன பிளாஸ்டிக் சுத்தியலால சுத்தி சுத்தி தட்டி இறக்குங்க. ட்ரூட்ராக்கோட மூஞ்சியையும் கிரவுனோட அடிப்பக்கத்தையும் பிரேக் கிளீனர்ல சுத்தமா துடைங்க, ஒரு சின்ன பிசிறு இருந்தா கூட கிரவுன் கோணலா உக்காந்து பேக்லாஷ் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நம்பர் காட்டும். டோன் ரிங் ஏத்த வேண்டியது கிரவுனுக்கு முன்னாடி, பழச கழட்டும்போது பெரும்பாலும் வளையும், அதான் புதுசு. இத விட்டுட்டா ஏபிஎஸ் லைட் எரியும்.

கிரவுன லேசா சூடு பண்ணிட்டு வச்சா தானா உக்காரும், இல்லன்னா போல்ட்ட வச்சே சமமா இழுக்கலாம். புது போல்ட், ரெட் லாக்டைட், எதிர் எதிரா, 70ல இருந்து 85 அடி-பவுண்டுக்குள்ள. பேரிங் கேப்புக்கும் அதே 70–85தான். உங்க வருஷத்து மேனுவல்ல ஒரு தடவ சரிபாத்துக்கோங்க.

இப்பதான் பொறுமை தேவைப்படுற இடம். புது பேரிங் ஏத்துன கேரியர, பழைய ஷிம் அளவுக்கே ஸ்டீல் ஷிம் அடுக்கி உள்ள வச்சு, கேப் டைட் பண்ணி பேக்லாஷ் பாருங்க. ஃபோர்டு சொல்ற எல்லை 0.008ல இருந்து 0.015 இன்ச், ஆனா பழைய கியர் போடுறோம்ங்கறதால நீங்க எழுதி வச்ச பழைய நம்பருக்கு ஓரிரு ஆயிரத்துல பங்குக்குள்ள வரணும். கிரவுன் இருக்கறது டிரைவர் பக்கம். பேக்லாஷ் அதிகமா இருந்தா டிரைவர் பக்கம் ஷிம் கூட்டி, அதே அளவு பயணி பக்கம் குறைங்க, கிரவுன் பினியன நோக்கி நகரும். கம்மியா இருந்தா தலைகீழ். சுமார் 0.010 இன்ச் ஷிம் மாத்துனா பேக்லாஷ் 0.007 இன்ச் அளவுக்கு மாறும்னு கணக்கு வச்சுக்கிட்டா இருட்டுல துழாவ வேண்டாம். ஒரு பக்கம் கூட்டுனத அடுத்த பக்கம் குறைக்க மறந்தா மொத்த இறுக்கமும் மாறிரும், பேப்பர்ல எழுதிக்கிட்டே பண்ணுங்க.

இறுக்கம் எப்படி தெரியும்னா, கடைசி ஷிம் கையால தள்ளுனா உள்ள போயிடக்கூடாது, பிளாஸ்டிக் சுத்தியல்ல தட்டிதான் உள்ள போகணும். கையால போனா லூஸு, லோட்ல கிரவுன் பினியன விட்டு விலகும், பல்லு போகும். ரொம்ப மெல்லிய ஷிம்ம வெளிப்பக்கம் வைக்காம ரெண்டு தடிச்ச ஷிம்முக்கு நடுவுல வைங்க, இல்லன்னா தட்டும்போது மடங்கும்.

நம்பர் வந்ததும் மஞ்சள் பேஸ்ட்ட சில பல்லுல ரெண்டு பக்கமும் தடவி, ஒரு ஆளு கிரவுன கட்டையால அழுத்தி எதிர்ப்பு குடுக்க நீங்க டிரைவ்ஷாஃப்ட்ட ரெண்டு பக்கமும் சுத்துங்க. பதியுற தடம் பல்லோட ஓரத்துல விழாம உள்ளயே இருக்கணும், பழைய பளபளப்பு எங்க இருக்கோ கிட்டத்தட்ட அங்கயே வரணும். தடம் பல்லோட நுனிக்கோ அடிக்கோ ஓடிருந்தா அது பினியன் ஆழத்தோட விவகாரம், கேரியர் மட்டும் மாத்துன வேலைல அப்படி வந்தா முதல்ல கிரவுன் சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க.

சீல் ரெண்டையும் மாத்தி, சீல் உதட்டுல கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்ட்ட கீழ உரசாம தாங்கி புடிச்சு உள்ள விடுங்க. சி-கிளிப் மாட்டி, ஷாஃப்ட்ட வெளிய இழுத்து கிளிப் உக்கார்ந்ததும் ட்ரூட்ராக் கூட வர்ற நடுத்துண்டையும் லாக் போல்ட்டையும் அதோட தாள்ல சொன்ன மாதிரி மாட்டுங்க. கவர் ஓரத்த எண்ணெய் இல்லாம துடைச்சு ஆர்டிவி வளையமா போட்டு, ஒவ்வொரு போல்ட் ஓட்டைய சுத்தியும் வரணும், மூடி, அது காய விட்டுட்டு ஆயில் ஊத்துங்க. ட்ரூட்ராக்குக்கு ஈட்டன் சொல்றது சாதாரண மினரல் ஆயில், 80டபிள்யூ-90 ஜிஎல்-5. ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் ஊத்தாதீங்க, இது உராய்வுல வேலை செய்யுற சாமான், அதையே வழுக்க விட்டா காசு குடுத்து வாங்குனது வீண். விலை கூடுன சிந்தெடிக்கும் இங்க தேவையில்ல.

ஓட்டுறதுக்கு முன்னாடி

இனிமே ஒரு பழக்கத்த மாத்தணும். ஓப்பன் டிஃப்ரென்ஷியல்ல ஒரு பின் சக்கரத்த மட்டும் தூக்கி இன்ஜின ஓட விட்டு கியர் போட்டவங்க இருக்காங்க, இப்ப அப்படி பண்ணா தரையில இருக்குற சக்கரம் வண்டிய ஜாக்கிய விட்டு தள்ளிரும். ரெண்டும் தூக்கியிருக்கணும், இல்ல ரெண்டும் தரையில இருக்கணும். வண்டிய அடுத்து யாருக்காச்சும் விக்கும்போதும் இத சொல்லிருங்க.

பனில ஓட்டுறதும் கொஞ்சம் மாறும். முன்ன ஒரு சக்கரம் சறுக்குனாலும் அடுத்தது சுத்தாம வண்டிய நேரா புடிச்சு வச்சிருந்துச்சு, இப்ப அதிகமா மிதிச்சா ரெண்டும் சேந்து சறுக்கி பின்பக்கம் ஓரமா போகும், முக்கியமா சாய்வான ரோட்டுல. காலி பார்க்கிங் லாட்ல பனி இருக்கும்போது மெதுவா ஓட்டி எந்த அளவுல வாலு விலகுதுன்னு பழகிட்டு அப்புறம் ஹைவே போங்க.

முதல் நாள் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ஹவுசிங்ல கை வைச்சு பாருங்க, சூடா இருக்கலாம், கை வைக்கவே முடியாத அளவு கொதிக்கக்கூடாது. கொதிச்சா பேரிங் இறுக்கம் அதிகம்னு அர்த்தம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும், இல்ல விடும்போது மட்டும் புதுசா ஊளை வந்தா பேக்லாஷ மறுபடி அளக்கணும், பழகிரும்னு விடாதீங்க, கியர் சத்தம் தானா சரியாகாது. வேகத்தோட கூடி எப்பவும் ஒரே மாதிரி உறுமுனா அது பேரிங். எதுவும் இல்லன்னா 500 மைல்ல ஆயில ஒரு தடவ மாத்துங்க, கவர கழட்டும்போது லாக் போல்ட் டைட்டா இருக்கான்னு ஒரு தடவ தொட்டு பாத்துட்டு மூடுங்க.